“ஒரே குரூப்தானே, ஏன் இவ்வளவு நேரம்?” – கிராஸ்மேட்ச் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு வருடமாக ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் தினமும் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போது, நின்று விளக்கம் கேட்கும் மனநிலை யாருக்கும் இருக்காது. நிதானமாகச் சொல்ல எனக்கும் நேரம் இருக்காது. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன். உங்கள் நோயாளிக்கு ரத்தம் வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதையெல்லாம் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பையை எப்படிப் பரிசோதித்துக் கொடுக்கிறோம் என்பதே இங்கே பேச்சு.

கிராஸ்மேட்ச்னா என்ன? குரூப் பார்க்கிறதைத்தான் அப்படிச் சொல்றீங்களா?

இரண்டும் வேறு. குரூப் பார்ப்பது, ஒருவருடைய ரத்தம் என்ன வகை என்று தெரிந்துகொள்ள. கிராஸ்மேட்ச், இந்த நோயாளிக்கு இந்தப் பை சேருமா என்று தெரிந்துகொள்ள. நோயாளியின் சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த திரவப் பகுதி) கொஞ்சம், பையில் இருக்கும் சிவப்பணுவில் கொஞ்சம் எடுத்து ஒரு குழாயில் கலக்கிறோம். உடம்புக்குள் நடக்கப்போவதை முதலில் குழாய்க்குள் நடத்திப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அணுக்கள் கட்டி கட்டியாகத் திரண்டாலோ, உடைந்து திரவம் சிவந்தாலோ அந்தப் பை இவருக்கு ஆகாது. இன்னொருவருக்கு அதே பை நன்றாகச் சேரலாம்.

அதனால்தான் ஒவ்வொரு பைக்கும் தனித்தனியாகப் பார்க்கிறோம். மூன்று பை கேட்டால் மூன்று கிராஸ்மேட்ச்.

எனக்கும் பி பாசிட்டிவ், அப்பாவுக்கும் பி பாசிட்டிவ். அப்புறம் எதைப் பார்க்கணும்?

சிவப்பணுவின் மேல் ஏ, பி, ஆர்எச் டி என்று மூன்று அடையாளங்கள்தான் இருக்கின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். (டி இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ்.) உண்மையில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கெல், டஃபி, கிட் என்று தனித்தனிக் குடும்பங்கள் உண்டு. ஆர்எச் குடும்பத்துக்குள்ளேயே டி போக பெரிய சி, சிறிய சி, பெரிய ஈ, சிறிய ஈ எல்லாம் உண்டு. உங்கள் அடையாள அட்டையில் இருப்பது அந்த நீண்ட பட்டியலின் முதல் வரி மட்டும்.

மற்ற அடையாளங்கள் மாறியிருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு முன்பு எப்போதாவது ரத்தம் ஏற்றியிருந்தால், அவர் உடம்பு அந்நிய அடையாளம் ஒன்றைப் பார்த்து அதற்கு எதிராக ஒரு ஆன்டிபாடியை (எதிர்ப்புப் புரதத்தை) உண்டாக்கி வைத்திருக்கலாம். பெண்களுக்குப் பிரசவத்தாலும் கருக்கலைவாலும் இது நேரலாம், ஏனென்றால் குழந்தையின் ரத்தத்தில் அப்பாவின் அடையாளங்களும் இருக்கும். அந்த ஆன்டிபாடி இருப்பது வெளியே தெரியாது. குரூப் சோதனையிலும் தெரியாது. கிராஸ்மேட்ச்சில் தெரியும்.

இதெல்லாம் இப்ப வந்த டெஸ்ட்தானே? எங்க தாத்தா காலத்துல நேரா ஏத்திடுவாங்களாமே?

தாத்தா காலத்துக்கும் முன்பே வந்துவிட்டது. லண்டனில் ஜேம்ஸ் பிளண்டல் 1818லேயே மனிதனிடமிருந்து மனிதனுக்கு ரத்தம் ஏற்றிப் பார்த்தார். சிலர் பிழைத்தார்கள், சிலர் இறந்தார்கள். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. 1901ல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் மனித ரத்தத்தில் வகைகள் இருப்பதை எழுதினார். 1907ல் நியூயார்க்கில் ரூபன் ஆட்டன்பர்க் ரத்தம் ஏற்றுவதற்கு முன் இருவர் ரத்தத்தையும் கலந்து பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கினார். நான் இன்று செய்யும் வேலையின் ஆரம்பம் அது.

இதில் என்னை மிகவும் உலுக்கிய கதை 1939ல் நடந்தது. குழந்தை இறந்து பிறந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் தேவைப்பட்டது. அவரும் ஓ, கணவரும் ஓ. கணவரின் ரத்தத்தையே ஏற்றினார்கள், கடுமையான எதிர்விளைவு வந்தது. ஃபிலிப் லெவினும் ரூஃபஸ் ஸ்டெட்சனும் அந்தப் பெண்ணின் சீரத்தை, அவருக்குக் குரூப்படி சேர வேண்டிய 104 பேர் ரத்தத்தோடு கலந்து பார்த்தார்கள். 80 பேருடையது கட்டியாகத் திரண்டது. வயிற்றில் இருந்த குழந்தை மூலம் கணவரின் அடையாளம் ஒன்றுக்கு எதிராக அவர் உடம்பு தயாராகியிருந்தது. இன்று ஆர்எச் டி என்று சொல்கிறோமே, அதுதான் அந்த அடையாளம். “ஒரே குரூப்தானே” என்று யாராவது ஜன்னலில் குரலை உயர்த்தும்போது எனக்கு அந்தப் பெண் நினைவுக்கு வருவார்.

அப்படி உள்ளே என்னதான் பண்றீங்க? ஒரு மணி நேரமா நிக்கிறோம்.

முதலில் சாம்பிளையும் ரிக்வெஸ்ட் ஃபாரத்தையும் சரிபார்க்கிறோம். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுற்றி அணுக்களையும் சீரத்தையும் பிரிக்கிறோம். குரூப்பை இரண்டு வழியில் பார்க்கிறோம். நோயாளியின் அணுக்களை நீல நிற ஆன்டி-ஏ, மஞ்சள் நிற ஆன்டி-பி, நிறமில்லாத ஆன்டி-டி மருந்துகளோடு கலப்பது ஒரு வழி. நோயாளியின் சீரத்தை நமக்குத் தெரிந்த ஏ, பி, ஓ அணுக்களோடு கலப்பது மறு வழி. ஒன்று சொல்வதை இன்னொன்று ஆமோதிக்க வேண்டும். முரண்பட்டால் அங்கேயே நின்று காரணம் தேடுவோம்.

அதன் பிறகுதான் கிராஸ்மேட்ச். கலந்த உடனே சுற்றிப் பார்த்தால் ஏ, பி பிரச்சினை தெரிந்துவிடும். மேலே சொன்ன மறைந்திருக்கும் ஆன்டிபாடிகள் அப்படிச் சுலபமாகப் பிடிபடாது. அவை உடம்புச் சூட்டில்தான் அணுவின் மேல் ஒட்டும், ஒட்டினாலும் கண்ணுக்குத் தெரியும்படி கட்டியாகாது. அதனால் கலவையை 37 டிகிரியில் வைத்திருந்து, பிறகு கூம்ப்ஸ் சீரம் சேர்க்கிறோம். 1945ல் கேம்பிரிட்ஜில் ராபின் கூம்ப்ஸும் அவருடைய கூட்டாளிகளும் கண்டுபிடித்த முறை இது. அணுக்களில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடிகளை ஒன்றோடொன்று கோத்து, திரளச் செய்து காட்டிவிடும்.

இப்போது பல இடங்களில் ஜெல் கார்டு வந்துவிட்டது. சின்னச் சின்னக் குழல்களில் ஜெல் இருக்கும். சேர்கிற ரத்தம் ஜெல்லைத் தாண்டி அடியில் போய்ப் படியும், சேராதது மேலேயே மாட்டிக்கொள்ளும். கால் மணி நேரம் சூட்டில், பத்து நிமிடம் சுழற்சியில், அதற்கு முன்னும் பின்னும் கைவேலை. எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம். சூட்டில் வைக்கும் நேரத்தை யார் சொன்னாலும் குறைக்க முடியாது, எம்எல்ஏ ஃபோன் செய்தாலும் முடியாது.

டிரைவிங் லைசென்ஸ்லயே குரூப் போட்டிருக்கே. அதைப் பார்த்துக் கொடுக்கக் கூடாதா?

கூடாது. அந்தக் குரூப் நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தது. பள்ளி முகாமில் எப்போதோ அவசரமாகப் பார்த்ததாகவும் இருக்கலாம். எங்கள் பழைய ரெஜிஸ்டரில் உங்கள் பெயர் இருந்தாலும் மறுபடி பார்த்துத்தான் கொடுப்போம். பழைய பதிவு ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அதற்கு மேல் அதை நம்புவதில்லை.

போன வாரம்தான் சாம்பிள் கொடுத்தோம். மறுபடி எதுக்குக் குத்துறாங்க?

அதற்குப் பிறகு ரத்தம் ஏற்றியிருந்தால், உடம்பு அதைப் பார்த்துப் புதிய ஆன்டிபாடியை உண்டாக்கத் தொடங்கியிருக்கலாம். போன வாரத்துச் சாம்பிளில் அது இருக்காது. கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியவர்களுக்கும் கர்ப்பமாக இருந்தவர்களுக்கும், சாம்பிள் மூன்று நாளைக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது நடைமுறை. ஊசிக் குத்து வலிக்கும், ஒத்துக்கொள்கிறேன். வயதானவர்களுக்கு நரம்பு கிடைப்பதே பாடு. ஆனாலும் பழைய சாம்பிளில் பார்த்துக் கிடைக்கும் “சேர்ந்தது” என்ற பதில் பழைய உடம்புக்கான பதில்.

டியூப்புல ஐபி நம்பர் இல்லைன்னு சாம்பிளையே திருப்பி அனுப்பிட்டாங்க. இது அநியாயம் இல்லையா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தவறான ரத்தம் ஏறி நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை சோதனை பிழைத்ததால் வருவதில்லை. ஆள் மாறுவதால் வருகின்றன. ஒருவரின் ரத்தம் இன்னொருவர் பெயர் எழுதிய டியூப்பில் போய்விடுகிறது. அல்லது சரியாகப் பரிசோதித்த பை பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு ஏறிவிடுகிறது. நான் எவ்வளவு கவனமாக கிராஸ்மேட்ச் செய்தாலும், எனக்கு வந்த ரத்தமே வேறொருவருடையது என்றால் என் சோதனையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரே வார்டில் மூன்று மாரியம்மாள் இருப்பது சாதாரணம். இனிஷியலும் வயதும் ஐபி நம்பரும் (உள்நோயாளி எண்) இல்லாவிட்டால் எந்த மாரியம்மாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் எனக்கு நடந்தது. முன்பு ஒரு மருத்துவமனையில் இருந்தபோது, பிரசவ வார்டிலிருந்து ஒரு சாம்பிள் வந்தது. பார்த்தால் பி பாசிட்டிவ். பையும் சேர்ந்துவிட்டது. எழுதும்போது பழைய ரெஜிஸ்டரைப் புரட்டினேன். அதே பெண், முதல் பிரசவத்தில் ஓ பாசிட்டிவ். கை நடுங்கிவிட்டது. நானே மேலே போய்ப் புதிதாகச் சாம்பிள் எடுத்தேன், ஓ பாசிட்டிவ்தான். அவருக்கும் இன்னொரு பெண்ணுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து, டியூப்புகளை மேசையில் வைத்துவிட்டு, பிறகு பெயர் எழுதியிருக்கிறார்கள். அவருக்குப் பழைய பதிவு இல்லாமல் இருந்திருந்தால் அன்று ராத்திரி பி ரத்தம் ஏறியிருக்கும். இதை எழுதும்போதும் வயிறு என்னவோ செய்கிறது.

அதனால் டியூப்பில் பெயரை நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று, அவரையே பெயர் சொல்லச் சொல்லி, ரத்தம் எடுத்த கையோடு எழுத வேண்டும். பையை ஏற்ற வரும்போது நர்ஸ் மறுபடியும் பெயர், நம்பர், குரூப், பை நம்பர் எல்லாம் படிப்பார். “எத்தனை தடவைம்மா கேட்பீங்க?” என்று தயவுசெய்து சலித்துக்கொள்ளாதீர்கள். கேட்காவிட்டால்தான் நீங்கள் கேட்க வேண்டும்: “சிஸ்டர், பேரைச் சரிபார்த்தீங்களா?”

நான் கொடுத்த ரத்தத்தையே எங்க அம்மாவுக்கு ஏத்துவீங்களா? வேற யார் ரத்தமோ வேண்டாம்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் இன்று கொடுக்கும் பை, எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, சிபிலிஸ், மலேரியா சோதனைகள் முடிந்த பிறகுதான் வெளியே போகும். அதுவரை அம்மா காத்திருக்க முடியாது. ஏற்கெனவே சோதித்து ஃபிரிட்ஜில் இருக்கும் பையை அவருக்குக் கொடுத்துவிட்டு, உங்களுடையதை இன்னொருவருக்கு வைத்துக்கொள்வோம்.

இன்னொன்றும் இருக்கிறது. நெருங்கிய ரத்த சொந்தத்தின் ரத்தம் சில சமயம் அந்நியர் ரத்தத்தைவிட ஆபத்தானது. கொடுத்தவரின் வெள்ளையணுக்களை நோயாளியின் உடம்பு “நம்ம ஆள்” என்று விட்டுவிடும். அவை உள்ளே பெருகி நோயாளியையே தாக்கத் தொடங்கும். அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் பிழைப்பது கடினம். கிராஸ்மேட்ச் இதைக் காட்டாது. சொந்தத்தின் ரத்தத்தை ஏற்றியே ஆக வேண்டுமென்றால் பையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும். குழந்தை பெறும் வயதிலிருக்கும் மனைவிக்குக் கணவர் ரத்தம் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் 1939 கதையில் இருக்கிறது.

ஓ நெகட்டிவ் எல்லாருக்கும் சேருமாமே. அதையே கொடுத்துட்டா வேலை முடிஞ்சுதே?

ஓ நெகட்டிவ் அணுக்களில் ஏ, பி, டி இல்லை, அவ்வளவுதான் உண்மை. மற்ற நூற்றுக்கணக்கான அடையாளங்கள் அதிலும் இருக்கின்றன. சிறிய சி-க்கு எதிராக ஆன்டிபாடி உள்ள ஒருவருக்கு ஓ நெகட்டிவ் மிக மோசமான தேர்வு, ஏனென்றால் நெகட்டிவ்காரர்கள் கிட்டத்தட்ட எல்லோருடைய அணுக்களிலும் அந்தச் சிறிய சி இருக்கும்.

நம் நாட்டில் நெகட்டிவ் குரூப்காரர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் வாக்கில்தான். அவர்களிலும் ஓ குறைவு. கேட்டவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் கொடுத்துவிட்டால், அதைத் தவிர வேறெதுவும் ஏற்ற முடியாத ஒரு பெண் வரும்போது அலமாரி காலியாக இருக்கும்.

ஆக்சிடென்ட் கேஸ், ரத்தம் கொட்டுது. அப்பவும் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்வீங்களா?

சொல்ல மாட்டோம். டாக்டர் அவசரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், கிராஸ்மேட்ச் முடியாமலே பை போகும். குரூப் தெரியாத நிலையில் ஓ நெகட்டிவ். அது இல்லாவிட்டால் ஆண்களுக்கும் பிள்ளை பெறும் வயதைக் கடந்த பெண்களுக்கும் ஓ பாசிட்டிவ் கொடுப்பதும் உண்டு. பத்துப் பதினைந்து நிமிடம் கிடைத்தாலே குரூப் பார்த்து அதே குரூப்பில் கொடுத்துவிடலாம். பை மேலே போய்க்கொண்டிருக்கும்போதே இங்கே முழு கிராஸ்மேட்ச்சும் நடக்கும். சேரவில்லை என்று தெரிந்தால் உடனே ஃபோன் போகும்.

ஒரே ஒரு வேண்டுகோள்: ஓ ரத்தத்தை ஏற்றுவதற்கு முன் நோயாளியிடமிருந்து ஒரு சாம்பிள் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஐந்தாறு பை ஓ ஏறிய பிறகு வரும் சாம்பிளில் யாருடைய அணுக்களைப் பார்க்கிறோம் என்றே குழப்பமாகிவிடும்.

எங்க சித்தப்பாவுக்கு ஓ குரூப்னு சொன்னாங்க. ஆனா ஓ ரத்தம் ஒண்ணுகூட சேரலையாம். எப்படி?

பாம்பே குரூப்பாக இருக்கலாம். 1952ல் பம்பாயில் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் அவர் குழுவினரும் கண்டறிந்தது. ஏ, பி இரண்டுமே எச் என்ற அடிப்படைப் பொருளின் மேல்தான் கட்டப்படுகின்றன. ஓ குரூப்காரர்களிடம் ஏ, பி கிடையாது, எச் நிறைய இருக்கும். பாம்பே குரூப்காரர்களிடம் அந்த எச்-சும் இருக்காது. அதனால் அவர்கள் உடம்பு எச்-சுக்கு எதிராகவே ஆன்டிபாடி வைத்திருக்கும். சாதாரண ஓ ரத்தம் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

அணுக்களை மட்டும் வைத்துக் குரூப் பார்த்தால் இவர்கள் ஓ போலவே தெரிவார்கள். சீரத்தை ஓ அணுக்களோடு கலந்து பார்க்கும்போது குட்டு வெளிப்படும். எந்த ஓ பையும் கிராஸ்மேட்ச்சில் சேராது. இந்தியாவில் சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவர் என்று சொல்வார்கள். சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் கொஞ்சம் அதிகம் காணலாம், நம் தென்மாவட்டங்களுக்கும் இது பொருந்தும். சித்தப்பாவுக்கு உறுதியானால் அவருடைய உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் சோதிக்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கக்கூடிய ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

என் பொண்ணுக்குத் தலசீமியா. முன்னெல்லாம் போன உடனே ரத்தம் கிடைக்கும், இப்ப ஒவ்வொரு தடவையும் அலையுறோம்.

தலசீமியா பரம்பரையாக வரும் ரத்தசோகை நோய். அதற்கு மாதம் ஒருமுறை இருமுறை என்று வருடக்கணக்கில் ஏற்றும்போது, ஒவ்வொரு பையிலும் புதிய அடையாளங்கள் உடம்புக்குள் போகின்றன. ஏதாவது ஒன்றுக்கு எதிராக ஆன்டிபாடி வந்துவிட்டால், அந்த அடையாளம் இல்லாத பையைத் தேட வேண்டும். இரண்டு ஆன்டிபாடி வந்தால் தேடல் பல மடங்கு கடினமாகும். நாங்கள் பத்து பை எடுத்துப் பார்த்து ஒன்றுதான் சேர்ந்தது என்ற நாட்கள் உண்டு. அந்த ஒன்பது பையையும் பார்த்துக் கழிக்கும் நேரத்தில் வெளியே ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும்.

இதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. ஏற்றத் தொடங்குவதற்கு முன்பே குழந்தையின் ஆர்எச், கெல் அடையாளங்களை முழுதாகப் பார்த்து எழுதி வைத்து, முதல் பையிலிருந்தே அதற்கு ஒத்த ரத்தம் கொடுப்பது. எல்லா இடத்திலும் இது நடப்பதில்லை. நடக்க வேண்டும். குழந்தைக்கு இப்போதுதான் நோய் தெரிந்திருக்கிறது என்றால் முதல் ஏற்றத்துக்கு முன்பே டாக்டரிடம் இதைக் கேளுங்கள். ரத்தம் ஏறிவிட்ட பிறகு கலப்பு அணுக்கள் வந்துவிடும், சாதாரண முறையில் பார்ப்பது சிரமம். அப்புறம், முடிந்தவரை ஒரே ரத்த வங்கியில் வாங்குங்கள். உங்கள் மகளின் வரலாறு முழுக்க ஒரே ரெஜிஸ்டரில் இருக்கும்.

எந்தப் பையும் சேரலைன்னு சொன்னீங்க, அப்புறம் அதுல ஒண்ணையே ஏத்தச் சொல்லிட்டீங்க. எங்களை வெச்சு சோதனை பண்றீங்களா?

கோபம் நியாயமானதுதான், ஆனால் நடந்தது வேறு. சிலருக்கு உடம்பு தன் சொந்தச் சிவப்பணுக்களுக்கே எதிராக ஆன்டிபாடி உண்டாக்கும். அது உலகத்தில் யாருடைய அணுவைக் கொடுத்தாலும் ஒட்டும். அப்போது முழுதாகச் சேரும் பை என்ற ஒன்றே கிடையாது. அந்தச் சொந்த ஆன்டிபாடிக்குக் கீழே வேறு ஆபத்தான ஆன்டிபாடி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். இல்லையென்றால், இருப்பதில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்து, டாக்டரின் ஒப்புதலோடு, மெதுவாக, கண்காணிப்பில் ஏற்றச் சொல்கிறோம். ஹீமோகுளோபின் மூன்றிலோ நான்கிலோ நிற்கும்போது ஏற்றாமல் இருப்பதும் ஆபத்துதான்.

மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு டாராடுமுமாப் என்ற மருந்து போடுகிறார்கள். அதுவும் சிவப்பணுவில் ஒட்டிக்கொண்டு எல்லாப் பையையும் சேராதது போல் காட்டும், நிறுத்திய பிறகும் சில மாதங்களுக்கு. லேபில் டிடிடி என்ற ரசாயனத்தால் அதை விலக்கிப் பார்க்க முடியும், ஆனால் அந்த மருந்து போட்டிருக்கிறது என்று யாராவது எங்களிடம் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது அது தொடங்கப் போகிறதென்றால், முதல் ஊசிக்கு முன்பே ரத்த வங்கிக்கு ஒரு சாம்பிள் கொடுத்துவிடுங்கள்.

பிறந்து ரெண்டு நாள் குழந்தைக்கு ரத்தம். எதுக்கு அம்மாகிட்ட சாம்பிள் கேக்குறாங்க?

பிறந்த குழந்தைக்குச் சொந்தமாக ஆன்டிபாடி கிடையாது. அதன் சீரத்தில் இருப்பதெல்லாம் அம்மாவிடமிருந்து வந்தவை. அதனால் அம்மாவின் சீரத்தோடு கிராஸ்மேட்ச் செய்வதே நல்லது. குழந்தையிடமிருந்து நிறைய ரத்தம் எடுக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போகும். இருவருக்கும் குரூப் வேறாக இருந்தால் இருவருக்கும் ஒத்துப்போகும் பையைத் தேடுவோம், பெரும்பாலும் ஓ அணுக்கள்.

அம்மா நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் அம்மாவுக்கு ஆன்டி-டி ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். அடுத்த குழந்தைக்கான காப்பு அது.

டெங்குக்கு பிளேட்லெட் கொடுத்தாங்க. கிராஸ்மேட்ச்சே பண்ணலையே?

பிளேட்லெட்டிலும் பிளாஸ்மாவிலும் சிவப்பணு மிகக் குறைவு, அதனால் வழக்கமாகத் தேவையில்லை. குரூப் மட்டும் பார்த்துக் கொடுப்போம். பிளாஸ்மாவுக்குக் கணக்கு தலைகீழ்: அங்கே ஏபிகாரருடையதுதான் எல்லோருக்கும் ஆகும்.

கிராஸ்மேட்ச் சரியாயிடுச்சுன்னா எய்ட்ஸ் எல்லாம் இல்லைன்னு அர்த்தமா?

அது தனிச் சோதனை. மேலே அம்மாவுக்குக் கொடுப்பதைப் பற்றிய பதிலில் சொன்ன ஐந்து சோதனைகளும் ரத்தம் கொடுத்தவரைப் பற்றியவை. கிராஸ்மேட்ச் இருவருக்கும் இடையிலான பொருத்தம்.

மூணு பை சேர்ந்துச்சுன்னு சொன்னாங்க, ஒண்ணைத்தான் ஏத்தினாங்க. மீதி ரெண்டை வார்டுலயே வெச்சுக்கலாமா?

வேண்டாம். ஏற்றப்போகும் பையை மட்டும் வாங்கிப் போங்கள். மீதியை உங்கள் பெயரில் ஒதுக்கி, 2 முதல் 6 டிகிரிக்குள் எங்கள் ஃபிரிட்ஜில் வைத்திருப்போம். வெளியே போன பை அரை மணி நேரத்துக்குள் திரும்பாவிட்டால் மறுபடி உள்ளே எடுத்து வைக்க முடியாது. வார்டில் மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் இதற்கு ஆகாது. “குளிர்ச்சியா இருக்கே” என்று வெந்நீரில் போடுபவர்கள், வெயிலில் காட்டுபவர்கள் உண்டு. அணுக்கள் உடைந்துவிடும். நாங்கள் சேர்த்துக் கொடுத்த ரத்தம் அங்கேயே கெட்டுப்போகும்.

எல்லாம் சேர்ந்த ரத்தம்தான். ஆனா ஏத்தும்போது குளிர்காய்ச்சல் வந்துடுச்சு. அப்ப டெஸ்ட் தப்பா?

தப்பாக இருக்க வேண்டியதில்லை. பையில் மிஞ்சிய வெள்ளையணுக்களால் காய்ச்சல் வரலாம். பிளாஸ்மாப் புரதத்தால் தடிப்பும் அரிப்பும் வரலாம். கிராஸ்மேட்ச் சிவப்பணுவை மட்டுமே பார்க்கிறது. ஆனால் ஆள் மாறி ஏறினாலும் ஆரம்பம் இப்படித்தான் இருக்கும்: குளிர், காய்ச்சல், இடுப்பு வலி, நெஞ்சுப் படபடப்பு, சிறுநீர் சிவப்பாகப் போவது. முதல் பதினைந்து நிமிடம் நோயாளியின் பக்கத்திலேயே இருங்கள். எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். எந்தக் காரணம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. மிச்ச ரத்தம், ட்யூப் எல்லாவற்றோடும், நோயாளியின் புதிய சாம்பிளோடும் எங்களிடம் வர வேண்டும். ஏற்றுவதற்கு முன் வந்த சாம்பிளை ஒரு வாரம் வைத்திருப்போம். பழையது, புதியது இரண்டையும் வைத்து மறுபடி எல்லாவற்றையும் பார்ப்போம்.

“ஆன்டி-கிட் இருக்கு”ன்னு ஒரு சின்னக் கார்டு கொடுத்தாங்க. போன மாசம் வேற ஊர்ல பார்த்தா ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. கார்டைத் தூக்கிப் போடலாமா?

போடாதீர்கள். கிட் வகை ஆன்டிபாடி சில மாதங்களில் சோதனைக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். உடம்பு மட்டும் மறப்பதில்லை. கிராஸ்மேட்ச் சேர்ந்துவிட்டது என்று அந்த அடையாளம் உள்ள பையை ஏற்றினால், நான்கைந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஆன்டிபாடி மளமளவென்று ஏறி, ஏற்றிய ரத்தத்தையெல்லாம் உடைத்துவிடும். கண் மஞ்சளாகும், ஹீமோகுளோபின் பழையபடி இறங்கும். அதற்குள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள், காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கிராஸ்மேட்ச்சால் பிடிக்க முடியாத இடம் இது. அங்கே அந்தக் கார்டுதான் துணை. அதை லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு வையுங்கள், ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் ரத்தம் ஏற்றச் சொன்னாலும் சாம்பிளோடு சேர்த்து ஜன்னலில் நீட்டுங்கள்.